மாலை வகுப்பு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 27 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். அரசுப் பள்ளியில் அறிவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வேலூரில் பத்து நாட்கள் வார்டில் இருந்தோம். அங்கே ஒரு சிஸ்டர் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிட்டார். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எங்கள் பக்கம் ஒரு மையத்தில் மாலை 6.30 முதல் 8.30 வரை வகுப்பு நடத்தி, ஒரே ஆண்டில் நர்சிங் டிப்ளமோ தருவதாகச் சொல்கிறார்கள். கட்டணம் 40,000 ரூபாய். வேலையை விட்டால் வீடு நடக்காது. வீட்டிலோ, இந்த வயதில் என்ன படிப்பு என்கிறார்கள். சேரலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சேராதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. என் கடைசித் தங்கை 1998இல் இப்படி ஒரு மையத்தில் சேர்ந்தாள். குடியாத்தத்தில் பகலெல்லாம் தீப்பெட்டி வேலை, மாலையில் மாடியறை வகுப்பு. அங்கே இருந்தவை ஒரு பிளாஸ்டிக் பொம்மை, ஒரு பி.பி. கருவி, ஒரு கரும்பலகை. ஆண்டு முடிவில் பொன்னிற எழுத்துகளில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்து ஒரு சிறிய நர்சிங் ஹோமில் வேலையும் கிடைத்தது. ஊசி போட்டாள், ட்ரிப்ஸ் ஏற்றினாள், பிரசவ அறையில் இரவெல்லாம் நின்றாள். ஊரே சிஸ்டர் என்று கூப்பிட்டது. அரசு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியபோதுதான், பதிவு எண் என்ற கட்டத்தில் எழுத அவளிடம் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. பிறகு ஒருநாள், டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டதில் ஒரு நோயாளிக்கு ஒவ்வாமை ஆகிவிட்டது. உறவினர்கள் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் முதலாளி சொன்னார்: "அவள் நர்ஸே இல்லை." அன்றுவரை அவளை நர்ஸ் என்று காட்டித்தான் அவர் சம்பாதித்தார். அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். என் தங்கை மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை செய்ய மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். இதற்கான சட்டம் 1926இலேயே வந்துவிட்டது. துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, செவிலியர் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பட்டப் படிப்பான பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இவற்றில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ முழுநேரமாகப் படித்தவருக்குத்தான் பதிவு எண் கிடைக்கும். மாலை வகுப்புச் சான்றிதழுக்கு அங்கே இடமில்லை.

இது ஏழைகளுக்குக் கதவைச் சாத்தும் விதி என்று நானும் ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உங்கள் அம்மாவைப் புரட்டிய சிஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தோளையும் இடுப்பையும் தாங்கித்தான் புரட்டியிருப்பார். முதுகைத் துடைத்தபோது அவர் கண் தேடியது, இடுப்புக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்பதை. சிவந்திருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதும் அதற்காகத்தான். புத்தகத்தில் இது நான்கு வரி. கைக்கு வருவதற்கு எத்தனை முதுகுகளைத் துடைத்திருக்க வேண்டும்! மாலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சின் ஓசை மாறுவதை, இரவு டியூட்டியில் மூத்த சிஸ்டரின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். பொம்மைக்கு மூச்சு மாறாது.

நம் வட ஆற்காட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை கட்டினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918இல். ஆனால் செவிலியர் பயிற்சிப் பள்ளி 1909இலேயே வந்துவிட்டது, அதுவும் அந்த மருத்துவமனையின் ஒரு பகுதியாகவே. டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே நர்ஸ்களை உருவாக்கத் தொடங்கிவிட்டார். எது முதலில் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வயதைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்வது சரியில்லை. ஜி.என்.எம். படிப்பில் சேர இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் உச்ச வயது 35. அரசு இடங்களுக்கு மட்டும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிகளில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்க, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று சேரும் இடத்தில் கேளுங்கள். தனியார் பள்ளி என்றால், மாநில நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இந்த ஆண்டு அதன் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். தரகர் சொல்வதை நம்ப வேண்டாம்.

கடினமான கேள்வி மூன்று ஆண்டுச் சம்பளம். அதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. அம்மாவை யார் பார்ப்பது, வாடகை எப்படி என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். இந்த ஆண்டு முடியாது என்றால், அந்த 40,000 ரூபாயை அப்படியே வங்கியில் போடுங்கள். மாலை இரண்டு மணி நேரத்தில் ஆங்கிலமும் உயிரியலும் படியுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள்.

அம்மாவை மறுபரிசோதனைக்கு வேலூருக்கு அழைத்துப்போகும்போது அந்த வார்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அந்தச் சிஸ்டர் எங்கே படித்தார், எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். முதல் ஆண்டுப் பாடப் புத்தகங்களைத் தானே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சேர்ந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா