மேடேறும்போது மட்டும் விசில் சத்தம்

கார் பிரச்சினைகள் குறித்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு கோவையில் ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக் பதில் சொல்கிறார். இந்த முறை எல்லாமே டர்போ சத்தம் பற்றியவை.

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னுடையது 2014 மாடல் டீசல் கார். 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திம்பம் மலையில் ஏறும்போது என்ஜின் பக்கத்திலிருந்து விசில் மாதிரி 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறது. பிக்கப் இல்லை, பின்னால் கறுப்புப் புகை. சமதரையில் மெதுவாகப் போனால் ஒன்றும் தெரிவதில்லை. டர்போ போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசரப்படாதீர்கள். எந்த மாதிரி சத்தம் என்பதைவிட அது எப்போது வருகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அதை நீங்களே அழகாக எழுதிவிட்டீர்கள்: மேடேறும்போது மட்டும்.

மலை ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்கிறீர்கள். டர்போ காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று டர்போவிலிருந்து, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் ரப்பர் ஹோஸ் வழியாகத்தான் போகிறது. ஹோஸில் எங்காவது கீறல் இருந்தால், அழுத்தம் ஏறும்போதுதான் அது வாய் திறக்கும், காற்று பீய்ச்சி அடிக்கும். உள்ளே போக வேண்டிய காற்று வெளியே போனால் டீசல் சரியாக எரியாது. கறுப்புப் புகையும் பிக்கப் குறைவதும் அதனால்தான். உங்கள் காரில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹோஸைத்தான்.

கீறல் சுலபத்தில் கண்ணில் படாது. ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி பானட்டைத் திறந்தால் ஹோஸ் நல்லபடியாகத்தான் தெரியும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, டர்போ அழுத்தம் கொடுப்பதே இல்லை, அதனால் சத்தமும் வராது. கையை ஹோஸின் அடிப்பக்கம் விட்டுத் தடவிப் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், மறக்காதீர்கள். காற்றோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் போவதால், கசியும் இடத்தில் பிசுபிசுவென்று ஈரம் இருக்கும், அதில் ரோட்டுப் புழுதி கறுப்பாக அப்பியிருக்கும். வளைவுகளிலும் கிளிப் போட்ட இடத்திலும்தான் பெரும்பாலும் வெடிக்கும். அந்த இடத்தில் ரப்பரை விரலால் மடக்கினால் கீறல் பல்லைக் காட்டும். அப்படியும் தெரியாவிட்டால், ஹோஸின் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஒரு பார் அழுத்தத்துக்குள் கம்ப்ரசர் காற்று விட்டு, டயர் பஞ்சர் பார்ப்பது போலச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ் மாற்றுகிற செலவு டர்போ விலைக்குப் பக்கத்திலேயே வராது.

ஹோஸ் நன்றாக இருக்கிறதா? அப்புறம்தான் டர்போவைப் பார்க்க வேண்டும். அதையும் கழற்றத் தேவையில்லை. என்ஜின் ஆறி நிற்கும்போது, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸை மட்டும் எடுத்தால் உள்ளே சின்ன விசிறி தெரியும். நடுவில் இருக்கும் நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடும். பல பேர் இதைப் பார்த்துவிட்டு 'பிளே வந்துடுச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். அந்த விசிறி மாட்டியிருக்கும் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது, நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். நிற்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்குத் தெரிகிற அளவு அசைவு இருக்கக் கூடாது. விசிறி இறக்கையின் ஓரம் மழுங்கியிருந்தாலோ, சுற்றியுள்ள அலுமினியச் சுவரில் உரசிய பளபளப்பு தெரிந்தாலோ, அது போன டர்போதான். அப்போது வரும் சத்தமும் வேறு. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

கேள்வி: புது பெட்ரோல் டர்போ கார் வாங்கியிருக்கிறோம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'ப்ஷ்' என்று ஒரு சத்தம். பழுதா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை அம்மா. காலை எடுத்ததும் மிச்சமிருக்கும் அழுத்தக் காற்றை ஒரு வால்வு திருப்பி விடுகிறது, அந்தச் சத்தம்தான். நிம்மதியாக ஓட்டுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, என்ஜின் சூடானதும் அடங்கினால் மட்டும் காட்டுங்கள். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய் சேரும் இடத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவாக இருக்கலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் சத்தம் நின்றுவிடும், பழுது அப்படியே இருக்கும்.

கேள்வி: என் டீசல் காருக்குப் போன வருடம்தான் டர்போ மாற்றினேன். மறுபடியும் சைரன் சத்தம், கூடவே நீலப் புகை. டூப்ளிகேட் டர்போவை மாட்டிவிட்டார்களா?
– வாசகர், கரூர்

பதில்: இருக்கலாம். ஆனால் நான் அதற்கு முன்பு கேட்பது: டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் சின்ன பைப்பை மாற்றினார்களா? பில்லை எடுத்துப் பாருங்கள். அந்த பைப் எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்திலேயே போகிறது. வருடக்கணக்கில் உள்ளே ஆயில் கருகிக் கரியாகப் படிந்து துவாரம் சுருங்கிவிடும். பழைய டர்போவைக் கொன்றது அதுவாக இருந்தால், அதே பைப்பில் மாட்டிய புது டர்போவும் ஆயில் இல்லாமல் சாகும். அது எந்தக் கம்பெனி டர்போவாக இருந்தாலும் சரி. இந்த முறை பைப்பையும் அதன் போல்ட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஆயில் திரும்பி வரும் வழியையும் பார்க்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் டர்போவுக்குள் ஆயில் ஊற்ற வேண்டும். நீண்ட ஓட்டம் முடிந்து டீக்கடையில் நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள். உடனே அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும், கொதிக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகும்.

நீலப் புகை என்று எழுதியிருப்பதால்தான் எனக்குக் கவலை. டர்போ வழியாக ஆயில் கசிந்து இன்டர்கூலரில் தேங்கியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்த ஆயிலையே இழுத்துக்கொண்டு டீசல் என்ஜின் தானாக ரேஸ் ஆகலாம், அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியில் அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் வண்டியில் இருக்கும் எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். யாரும் பானட்டைத் திறக்க வேண்டாம்.