வண்டி கேள்வி பதில்: ராப் ஒட்டலாமா, பெயிண்ட் அடிக்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் வினைல் ராப், அதாவது வண்டியின் பெயிண்ட் மேல் ஒட்டும் நிற பிளாஸ்டிக் ஃபிலிம் பற்றிய கேள்விகளே அதிகம். ஒரே சந்தேகம் பல ஊர்களிலிருந்து வந்திருப்பதால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐந்து வருடமாக பல்சர் ஓட்டுகிறேன். சிவப்பு வண்டி, வெயிலிலேயே நின்று டேங்க் மேல்பக்கம் வெளுத்துவிட்டது. முன் மட்கார்டில் ஒரு இடத்தில் பெயிண்ட் செதில் செதிலாக வருகிறது. மேட் பிளாக் ராப் ஒட்டினால் எல்லாம் மறைந்து புதுசு மாதிரி ஆகிவிடும் என்று ஸ்டிக்கர் கடையில் சொல்கிறார்கள். பெயிண்ட் அடிப்பதைவிட இது நல்லதா சார்? (வாசகர், ஈரோடு)

வெளுத்த பெயிண்ட் மேல் ஒட்டலாம். செதில் விடும் பெயிண்ட் மேல் ஒட்டவே கூடாது. உங்கள் வண்டியில் இரண்டும் இருக்கிறது, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில்.

காரணம் சொல்கிறேன். ராப் ஃபிலிம் வண்டியின் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, மேலே இருக்கும் பெயிண்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அந்தப் பெயிண்டே தகட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தால், ஃபிலிமுக்கு அங்கே பிடிமானம் கிடையாது. அதுவும் பைக்கில் தட்டையான இடம் எங்கே இருக்கிறது? டேங்க், மட்கார்டு, சைடு பேனல் எல்லாமே இரண்டு பக்கமும் வளைந்தவை, அங்கெல்லாம் ஃபிலிமைச் சூடாக்கி இழுத்துத்தான் படிய வைக்கிறார்கள், இழுத்த ஃபிலிம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், அப்போது பலவீனமான பெயிண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். ஓரத்தில் ஆரம்பித்து, மழைத்தண்ணீர் உள்ளே போய், சில மாதத்தில் ஒரு உப்பல் தெரியும்.

இன்னொன்று, எதுவும் மறையாது. நல்ல ஃபிலிம் பசையோடு சேர்த்தே சுமார் 80, 90 மைக்ரான் கனம்தான், ஏறக்குறைய நம் தலைமுடி அளவு. கீழே பட்டி போட்ட விளிம்பு, செதில் விட்ட குழி, சின்ன நசுங்கல் எல்லாம் அப்படியே மேலே தெரியும். பளபளப்பான கறுப்பில் அசிங்கமாகவே தெரியும், மேட்டில் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். மறையக்கூடியது நிறம் மட்டும்தான்.

கடைக்காரர் சரியான ஆளாக இருந்தால், முதலில் அந்த மட்கார்டைத் தேய்த்து, பிரைமர் அடித்து, சமன் செய்துவிட்டு வாருங்கள் என்பார். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். பெயிண்ட் வேலையில் உழைப்பும் கூலியும் அதிகம் போவது தேய்ப்பதிலும் சமன் செய்வதிலும்தான், கடைசியில் அடிக்கிற நிறத்துக்கு அல்ல. அந்தக் கூலியைப் பெயிண்டரிடம் கொடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நிறமும், அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டும் முடிந்துவிடும். அதற்கு மேல் எதற்கு ராப்? தூசி வராத பூத் வைத்து அடிக்கிற டிங்கரிங் கடையாகப் பார்த்து டேங்க்கையும் மட்கார்டையும் அதே சிவப்பில் அடித்துக்கொள்ளுங்கள். அடித்த பிறகும் மேட் ஆசை விடவில்லை என்றால் உடனே ஒட்டாதீர்கள். புது பெயிண்டிலிருந்து தின்னர் ஆவி முழுதாக வெளியேற வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் ஒட்டினால் அந்த ஆவியே ஃபிலிமுக்குக் கீழே குமிழ் குமிழாக நிற்கும்.

உங்களைப் போலவே யோசிப்பவர்களுக்காக ஒரு சோதனை. நன்றாக ஒட்டுகிற டேப்பைப் பெயிண்ட் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் பெயிண்ட் துணுக்கு வந்தால் ராப் பேச்சையே விட்டுவிடலாம். டேங்க்கின் அடிப்பக்கம், வெல்டிங் ஓரம், பெட்ரோல் மூடியைச் சுற்றிய இடம் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள், சின்னச் சின்னப் பொரிப்பு தட்டுப்பட்டால் உள்ளே துரு இருக்கிறது. துருவை மூடி ஒட்டினால் அது நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் பரவும், நீங்கள் பார்க்கும் நாளில் டேங்க்கையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

ராப் யாருக்கு என்றால், பெயிண்ட் உறுதியாக இருக்கிறது, நிறம் மட்டும் அலுத்துவிட்டது, அல்லது கம்பெனி பெயிண்டைக் கெடுக்காமல் வேறு நிறத்தில் ஓட்டிவிட்டு விற்கும்போது பழையபடி உரித்துக் கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கு. அவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கேள்வி: ஒரே மாதிரி பளபளக்கும் ஃபிலிமுக்கு ஒரு கடையில் சொன்ன விலையில் பாதிகூட அடுத்த கடையில் இல்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஏமாற்றுகிறார்களா? (வாசகர், மதுரை)

ஏமாற்று என்று சொல்ல முடியாது, இரண்டும் வேறு வேறு பொருள். இரண்டுமே பி.வி.சி.தான், செய்கிற முறைதான் வேறு. காஸ்ட் என்பது பி.வி.சி.யைத் திரவமாக ஒரு தாளில் ஊற்றிப் பரப்பி, அடுப்பில் காயவைத்து எடுப்பது. அதை யாரும் இழுக்கவில்லை, நசுக்கவில்லை, அதனால் வளைவில் படிய வைத்தால் படிந்தபடி இருக்கும். காலண்டர்டு என்பது சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக்குவது, விலை குறைவு, கொஞ்சம் தடிமன், வெயில் பட்டால் சுருங்கத் துடிக்கும். பெயர்ப்பலகைக்கும் கண்ணாடிக் கதவுக்கும் அது போதும். பைக் டேங்க்குக்கு ஒட்டினால் ஒட்டிய அன்று வித்தியாசமே தெரியாது, ஒரு கோடை போனதும் ஓரங்கள் பின்வாங்கி, பழைய நிறம் கோடு கோடாக எட்டிப் பார்க்கும்.

3எம் கம்பெனியின் 2080, ஏவரி டெனிசன் கம்பெனியின் எஸ்.டபிள்யூ. 900 என்ற ஃபிலிம்கள் இரண்டும் காஸ்ட் வகை. கடையில் போய்ப் பெயரை மட்டும் கேட்காமல், ரோலைக் காட்டச் சொல்லுங்கள், பின்தாளைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி பெயர் அதில் அச்சாகியிருக்க வேண்டும். இந்த ரோல்கள் சுமார் 1.52 மீட்டர் அகலம். டேங்க், மட்கார்டு, சைடு பேனல் மட்டும் என்றால் அதிக நீளம் தேவைப்படாது. எனவே பைக்கில் ஃபிலிம் விலையை மிச்சம் பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை, கூலி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எத்தனை வருடம் வரும் என்று கம்பெனி அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். வெயில் கொளுத்தும் ஊர்களுக்கும், வானத்தைப் பார்த்து இருக்கும் பாகங்களுக்கும் அவர்களே குறைத்துத்தான் உத்தரவாதம் தருகிறார்கள். பைக்கின் டேங்க் மேல்பக்கம் முழுக்க வானத்தைப் பார்த்த இடம், மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குரோம் மாதிரி மின்னும் ஃபிலிம்கள் இன்னும் சீக்கிரம் போகும்.

கேள்வி: ராணுவ வண்டி போல என் பைக்குக்கு ஆலிவ் பச்சை மேட் ராப் ஒட்ட ஆசை. போலீஸ் பிடிப்பார்களா? ராப் என்பது ஸ்டிக்கர்தானே, ஆர்.சி.யில் மாற்ற வேண்டியதில்லை என்று நண்பன் சொல்கிறான். (வாசகர், கோயம்புத்தூர்)

தம்பி, அந்த நிறத்தை விட்டுவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. 2018-ல் ராயல் என்ஃபீல்டு, கிளாசிக் 500 பெகாசஸ் என்று இரண்டாம் உலகப்போர் கால வண்டியின் நினைவாக ஒரு மாடல் கொண்டுவந்தது. வெளிநாட்டில் ஆலிவ் பச்சையும் கிடைத்தது, நம் நாட்டில் பழுப்பில் மட்டும்தான் விற்றார்கள். செய்த கம்பெனிக்கே இல்லாத சலுகை நமக்குக் கிடைக்காது.

மற்ற நிறங்களுக்கும் நண்பர் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் என்று ஒரு வரி இருக்கிறது. செக்கிங்கில் நிற்கும் போலீஸ்காரர் நிறம் வந்தது பெயிண்டிலா ஸ்டிக்கரிலா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கப் போவதில்லை, ஆர்.சி.யில் சிவப்பு, எதிரே நிற்பது நீலம், அதைத்தான் பார்ப்பார். வண்டி திருடு போனாலும், விபத்து இன்சூரன்ஸ் கேட்டாலும் இதே வித்தியாசம் வந்து நிற்கும். முழு வண்டியின் நிறமும் மாறுகிறது என்றால் ஒட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுதிக் கொடுத்து, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் அதே நிறத்திலேயே மேட் ஒட்டினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது, அதையும் யோசித்துப் பாருங்கள். எந்த நிறமானாலும் நம்பர் பிளேட், ரிஃப்ளெக்டர், இண்டிகேட்டர், லைட் எதன் மேலும் ஃபிலிம் ஏறக் கூடாது.

கேள்வி: உணவு டெலிவரி செய்கிறேன், நாள் முழுக்க வண்டியில்தான். முட்டி உரசி டேங்க் இரண்டு பக்கமும் பளபளப்பு போகிறது, பை உரசி பின்பக்கம் கீறல். மீதி இருக்கும் பெயிண்டைக் காப்பாற்ற ராப் உதவுமா? (வாசகர், சென்னை)

உங்களுக்கு வேண்டியது நிற ராப் இல்லை, பி.பி.எஃப். என்கிற, கீழே உள்ள பெயிண்ட் அப்படியே தெரியும் நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிம். அது பி.வி.சி. அல்ல, டி.பி.யு. என்ற வேறு பிளாஸ்டிக். கனம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான், ரப்பர் குணம் உண்டு, நல்ல வகைகளில் சின்னக் கீறல் வெயில் சூட்டிலேயே மறையும். நிற ராப் அன்றாட உரசலில் தானே கிழிந்து போகும், கீழே உள்ள பெயிண்டைக் கொஞ்ச காலம் காக்கும், அவ்வளவுதான்.

முழு வண்டிக்கும் பி.பி.எஃப். போடச் சொல்லி செலவு இழுப்பார்கள், வேண்டாம். முட்டி படும் இரண்டு பக்கம், பெட்ரோல் மூடியைச் சுற்றி, பை உரசும் பின் பேனல், இந்த மூன்றுக்கு மட்டும் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். நாளெல்லாம் ஓடும் வண்டிக்குப் பணம் டயரிலும் பிரேக்கிலும்தான் முதலில் போக வேண்டும், உங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது.

பங்க்கில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வாய் வரை நிரப்பச் சொல்லாதீர்கள். வழிந்த பெட்ரோல் ஃபிலிம் விளிம்புக்குள் இறங்கினால் பசை இளகிவிடும், ராப் உரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் மூடியைச் சுற்றித்தான். சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய புல்லட், கறுப்பு டேங்க், தங்கக் கோடு. கோடு இடையிடையே மங்கிவிட்டது. மேலே கறுப்பு ராப் ஒட்டி, கோட்டையும் தங்க ஸ்டிக்கரில் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். புல்லட் டேங்க்கில் அந்தக் கோட்டைத் திருவொற்றியூர் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்திருக்கிறார்கள், அளவுகோல் இல்லாமல், ஒரே மூச்சில். உங்கள் வண்டியில் இருப்பது அந்தக் கோடாக இருந்தால் அதற்கு ஸ்டிக்கர் ஈடாகாது. கோட்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், மேடு தட்டுப்பட்டால் அது வெளிப்பரப்பிலேயே நிற்கிறது என்று அர்த்தம். அதன் மேல் ஃபிலிம் ஒட்டி என்றைக்காவது உரித்தால் கோடும் சேர்ந்து போய்விடும்.

மங்கல் என்பது பல நேரம் மேலே படிந்த அழுக்கும், காற்றும் வெயிலும் பட்டு மேல்பரப்பு மங்கும் ஆக்சிடேஷனும்தான். நல்ல பாலிஷ் தெரிந்த ஆளிடம் கொடுத்து, கோட்டைத் தொடாமல் சுற்றியுள்ள கறுப்பை மட்டும் கையால் பாலிஷ் செய்யச் சொல்லுங்கள், மெஷின் வைக்க விடாதீர்கள். அப்புறமும் இடைவெளி தெரிந்தால் பலகை எழுதும் ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடித்து விட்ட இடத்தை மட்டும் நிரப்பச் சொல்லலாம். பழைய வண்டியை வாங்க வருகிறவர்களும் முதலில் தேடுவது கம்பெனி பெயிண்ட் இருக்கிறதா என்றுதான்.

கேள்வி: வீடியோ பார்த்து நானே ஒட்டலாமா? ஹீட் கன் இருக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

சைடு பேனலில் ஆரம்பியுங்கள், டேங்க்கைக் கடைசியில் வையுங்கள். பாகத்தைக் கழற்றி, வீட்டுக்குள் ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள். மதிய வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்தால் ஃபிலிம் இளகி, பசை தொட்ட இடத்தில் கவ்விக்கொண்டு, எடுத்து ஒட்ட விடாது. சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், கடையில் பாலிஷ் போட்ட மெழுகு ஒரு துளி இருந்தாலும் ஒட்டாது. சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களிலும், சைலன்சர் பக்கத்திலும், இன்ஜின் கவரிலும் முயற்சியே வேண்டாம்.

பலர் விட்டுவிடுவது கடைசி வேலையை. ஒட்டி முடித்த பிறகு, இழுத்துப் படிய வைத்த ஓரங்களையும் குழிகளையும் மறுபடி சூடாக்க வேண்டும், 3எம் போன்ற கம்பெனிகள் 90 டிகிரி செல்சியசுக்கு மேல் கொண்டுபோகச் சொல்கின்றன. அப்போதுதான் ஃபிலிம் தன் பழைய வடிவத்தை மறக்கும். கை வைத்துப் பார்த்து இந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க முடியாது, ஒரு சின்ன இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க்கைக் கழற்றி, பெட்ரோலை முழுக்க வடித்து, ஆவியும் போன பிறகுதான் அதன் பக்கத்தில் ஹீட் கன்னைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் டேங்க்கைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். பிளேடால் பெயிண்ட் மேல் வைத்து அறுக்காதீர்கள், நூல் வைத்த நைஃப்லெஸ் டேப் கிடைக்கிறது, அதை ஒட்டி நூலை இழுத்தால் ஃபிலிம் மட்டும் வெட்டுப்படும்.

கேள்வி: ஒட்டி நான்கு வருடம் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே விடலாமா? (வாசகர், தூத்துக்குடி)

டேங்க் மேல்பக்கத்து ஃபிலிமின் ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பிப் பாருங்கள். ஃபிலிம் இன்னும் மெத்தென்று வளைகிறது என்றால் இப்போதே உரித்துவிடுவது நல்லது. காய்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டால் முழுத் தாளாக வராது, சில்லு சில்லாக வரும், பசை வண்டியிலேயே தங்கும், கூலி ஒட்டியதைவிட அதிகமாகிவிடும். சூடுகாட்டி, மேல்நோக்கிப் பிய்க்காமல் பெயிண்டை ஒட்டினாற்போலத் தாழ்வாக இழுத்து, நிதானமாக உரிக்க வேண்டும். ஒட்டாமல் விட்ட இடமும் மூடியிருந்த இடமும் நிறத்தில் கொஞ்சம் வேறுபட்டுத் தெரியலாம், வெளியே இருந்தது வெயிலில் வெளுத்திருக்கும், பாலிஷ் போட்டால் ஓரளவு சமமாகும். கடல்காற்று ஊர் என்பதால், உரித்ததும் மட்கார்டு உள்விளிம்பில் துரு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைச் சுரண்டி பிரைமர் அடித்த பிறகுதான் அடுத்த ஃபிலிமைப் பற்றிப் பேச வேண்டும்.