துலூம் கோட்டை, கடலாமை, செனோட்டே: ஒரே நாளில் மூன்றும் – கேள்வி பதில்

மெக்சிகோவின் கரீபியன் கரையில், கான்கூனுக்குத் தெற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் துலூம் இருக்கிறது. மாயர்கள் கடலோரப் பாறையின் மேல் கட்டிய, மதில் சூழ்ந்த நகரம் அது. அங்கே போகும் வழியில் ஆமைகள் மேயும் ஆக்குமால் விரிகுடா வரும். சுற்றியுள்ள காட்டுக்குள் செனோட்டே எனப்படும் நிலத்தடிக் குளங்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் வழிகாட்டியோடு ஒரே நாளில் பார்க்கும் பயணத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பக்கத்தில் உள்ள பிளாயா தெல் கார்மெனில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். விருந்தினர்களை அழைத்துக்கொண்டு இந்தப் பாதையில் போனது எத்தனை முறை என்று எண்ணி வைக்கவில்லை.

கேள்வி (ஹூஸ்டன்): அக்கா, ஒரே நாளில் மூன்றையும் பார்ப்பது ஓட்டமாக இருக்காதா? எதை முதலில் வைத்துக்கொள்வது?

வரிசை சரியாக இருந்தால் ஓட்டமாக இருக்காது. கோட்டை, கடல், செனோட்டே என்ற வரிசையில்தான் நான் போவேன். காலை 8 மணிக்குக் கோட்டையின் வாசல் திறக்கும்போதே அங்கே நிற்க வேண்டும். உள்ளே நிழல் மிகக் குறைவு. பத்து மணிக்குப் பிறகு வெள்ளைச் சுண்ணாம்புத் தரை வெயிலை முகத்திலேயே திருப்பி அடிக்கும். கான்கூன் பேருந்துகளும் அப்போதுதான் வந்து சேரும். அடுத்தது கடல். பிற்பகலில் காற்று எழுந்தால் அலை மணலைக் கிளப்பிவிடும், அதன் பிறகு தண்ணீர் கலங்கல்தான். செனோட்டேக்கு காற்றும் இல்லை, அலையும் இல்லை. அது கடைசிவரை உங்களுக்காகக் காத்திருக்கும். உப்பும் வியர்வையும் காய்ந்த உடம்போடு அந்தக் குளிர்ந்த நன்னீரில் இறங்குவதுதான் நாளை முடிக்கச் சிறந்த வழி.

ஒரு நாளில் நான்கு, ஐந்து இடங்கள் என்று விளம்பரம் செய்யும் பயணங்களை எடுக்காதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் உடை மாற்றுவதிலேயே நேரம் போய்விடும்.

கேள்வி (சென்னை): படத்தில் பார்த்தால் துலூம் சிறியதாகத் தெரிகிறதே. பிரமிடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வழிகாட்டிக்குப் பணம் கொடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

உயரம்தான் வேண்டும் என்றால் கோபா என்ற மாய நகரத்துக்குப் போங்கள். அங்குள்ள நோஹோச் முல் பிரமிடு 42 மீட்டர். துலூமின் சிறப்பு வேறு. இது துறைமுக நகரம். கி.பி. 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை உச்சத்தில் இருந்தது. நிலப்பக்கம் மூன்று புறமும் மதில். சில இடங்களில் 5 மீட்டர் உயரம், 8 மீட்டர் வரை தடிமன். நுழைய ஐந்து குறுகிய வாயில்கள். நான்காவது புறம் 12 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, அதற்குக் கீழே கடல். குவாத்தமாலா மலைகளிலிருந்து வந்த அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல் இங்கே படகில் வந்து இறங்கியது. கத்தியும் அம்புமுனையும் செய்ய அந்தக் கல்தான் அவர்களுக்கு இரும்பு.

பாறை விளிம்பில் நிற்கும் 'எல் காஸ்தீயோ' என்ற பெரிய கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பாருங்கள். சற்றுத் தொலைவில் வெள்ளை நுரைக்கோடு ஒன்று ஓடும். அலை பவளத்திட்டில் உடைகிற இடம் அது. அந்தக் கோட்டில் கோட்டைக்கு நேர் எதிரே ஓர் இடைவெளி இருக்கிறது. படகுகள் பவளத்தில் மோதாமல் உள்ளே வர வழி அது. இரவில் காஸ்தீயோவின் சாளரங்களில் எரிந்த விளக்கைக் குறி வைத்து மாலுமிகள் அந்த வழியில் வந்தார்கள் என்று ஒரு கருத்து உண்டு. நகரத்தை ஏன் இங்கே கட்டினார்கள் என்பதை அந்த நுரைக்கோடு நன்றாகவே விளக்கிவிடுகிறது. இதைக் கைநீட்டிக் காட்ட ஒருவர் இல்லையென்றால் நீங்கள் உடும்பு போன்ற இகுவானாக்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். வழிகாட்டி தேவைப்படுவது இதற்குத்தான்.

சில கட்டடங்களின் வாசலுக்கு மேல் தலைகீழாக, கால்கள் மேலே விரிய, கைகள் கீழ்நோக்கி இருக்கும் சுதைச் சிற்பத்தையும் கேட்டுப் பாருங்கள். 'இறங்கி வரும் கடவுள்' என்கிறார்கள். தேனீயோடு சேர்த்துச் சொல்வாரும் உண்டு, வெள்ளிக் கோளோடு சேர்த்துச் சொல்வாரும் உண்டு. கொட்டாத தேனீக்களை மாயர்கள் இன்றும் வளர்க்கிறார்கள் என்பதால் எனக்குத் தேனீ விளக்கத்தின் மேல் தனிப் பிரியம்.

கட்டடங்களின் மேல் ஏற முடியாது. சுவரோவியக் கோயிலையும் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): மேடம், மாயன் என்பது நம் மயன்தான், தமிழகத்திலிருந்து போன சிற்பிகள்தான் இதையெல்லாம் கட்டினார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

இல்லை. பெயர் ஒத்துப்போவது தற்செயல். மாயபான் என்று இங்கே ஒரு நகரம் இருந்தது. அந்தப் பெயரோடு தொடர்புள்ள சொல்லைப் பின்னால் வந்தவர்கள் முழு இனத்துக்கும் வைத்தார்கள். இவர்களுடைய மொழிக்குடும்பம் தனி. நெல், மாடு, வண்டிச் சக்கரம் எதுவும் இங்கே இல்லை. சோளமும் பீன்ஸும் பூசணியுமாக வாழ்ந்தவர்கள். நம் ஊரிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தால் ஒரு பிடி விதைநெல்லாவது கொண்டு வந்திருக்காதா? 1952இல் யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் அறிஞர் வழிகாட்டிய பிறகு மாய எழுத்துகளைப் படிக்க முடிகிறது. கல்வெட்டுகளில் இருப்பது அவர்களுடைய அரசர்களும் போர்களும் நாள்கணக்குகளும்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் கோட்டையில் உங்களுக்கு வழிகாட்டுபவரே மாயராக இருக்கலாம். மாயர்கள் 'மறைந்துபோன இனம்' அல்லர். யுகடான் தீபகற்பத்தின் மாய மொழியை இன்றும் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். 1847இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அரசை எதிர்த்துப் போரிட்டவர்கள் இவர்கள். 1870களில் இதே துலூமில் மரியா உய்காப் என்ற மாயப் பெண் வழிபாட்டுத் தலைவியாக இருந்தார். அவர்களுடைய பாட்டன் அடுக்கிய கல்லை அவர்கள் முகத்துக்கு நேரே நம்முடையது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி (நியூ ஜெர்சி): செனோட்டே என்றால் கிணறா, குகையா? சுத்தமாக இருக்குமா?

இரண்டும்தான். 'த்ஸோனோட்' என்ற மாயச் சொல்லை ஸ்பானியர்கள் செனோட்டே ஆக்கினார்கள். வடக்கு யுகடானில் தரைமேல் ஓடும் ஆறு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் கிடையாது. நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை உடனே கீழே இறங்கிவிடும். இறங்கிய நீர் பாறையைக் கரைத்துக் குகை ஆக்கியது. எங்கெல்லாம் குகையின் கூரை இடிந்ததோ அங்கெல்லாம் ஒரு செனோட்டே. மாயர்களுக்குக் குடிநீர் இதுதான், மழைக்கடவுளின் வீட்டு வாசலும் இதுதான்.

உள்ளே கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும். பல விழுதுகள் நீருக்கு அடியிலும் தொடரும். துளித்துளியாகச் சொட்டினால்தான் விழுது வளரும், தண்ணீருக்குள் வளராது. அப்படியானால் இந்தக் குகைகள் ஒரு காலத்தில் காய்ந்து கிடந்தன என்று பொருள். பனியுக முடிவில் கடல்மட்டம் ஏறியபோது நிலத்தடி நீரும் ஏறி இவற்றை நிரப்பியது. 2007இல் ஓயோ நெக்ரோ என்ற ஆழ்குழியில் மூழ்காளர்கள் ஒரு பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். 12,000 ஆண்டுகளுக்கும் முந்தையவள். நையா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த குகையின் இருட்டில் நடந்துபோய் விழுந்திருக்கிறாள். அந்தக் குழி சாக் அக்தூன் என்ற குகைத்தொடரில் இருக்கிறது. 2018இல் பக்கத்துத் தொடரோடு அதன் இணைப்பைக் கண்டபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர் என்று அளந்தார்கள். நீங்கள் குளிக்கிற குளம் அதில் ஒரு சாளரம்.

நீர் கண்ணாடிபோல் இருக்கும். வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 25 டிகிரி. இறங்கும்போது உடல் ஒருமுறை சிலிர்க்கும், பிறகு பழகிவிடும்.

கேள்வி (டொராண்டோ): சன்ஸ்கிரீன் பூசக்கூடாது என்கிறார்கள். நம் தோலுக்கு வெயில் தாங்காதே? 'ரீஃப் சேஃப்' (பவளத்திட்டுக்குத் தீங்கில்லாதது) என்று போட்டதை வாங்கலாமா?

செனோட்டேயில் எந்தச் சன்ஸ்கிரீனும் கூடாது. இறங்குமுன் ஷவரில் கழுவச் சொல்வார்கள். கொசு விரட்டி, தலை எண்ணெய், வாசனைத் திரவியம் எல்லாம் அதே கணக்குதான். நாள் முழுவதற்கும் முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று போதும். கோட்டையில் தொப்பி. டப்பாவில் எழுதியிருப்பதை நம்பிப் பூச வேண்டாம்.

கழுவச் சொல்வதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். செனோட்டே நீர் தேங்கி நிற்பதில்லை. குகை வழியாக மெல்ல நகர்ந்து கடலில் போய்க் கலக்கிறது. காலையில் நீங்கள் பார்த்த நுரைக்கோடு, அந்தப் பவளத்திட்டு, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளமானது. ஆஸ்திரேலியத் திட்டுக்கு அடுத்து உலகில் இரண்டாவது. குளத்தில் கழுவியது அங்கேதான் போய்ச் சேரும். விடுதிகளின் கழிவும், ரயில் பாதைக்காகக் குகைக்கூரையைத் துளைத்து இறக்கிய தூண்களும் இருக்கும்போது என் ஒரு கைப்பூச்சா கெடுக்கப் போகிறது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நம் கையில் இருப்பது அந்தக் கைப்பூச்சு ஒன்றுதானே என்றேன்.

கேள்வி (பெங்களூரு): ஆக்குமாலில் ஆமை நிச்சயம் தெரியுமா? குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாமா?

தொடக்கூடாது. சட்டமும் விடாது. ஆக்குமால் என்ற பெயருக்கே மாய மொழியில் ஆமைகளின் இடம் என்று பொருள். அடியில் கடற்புல் வெளி இருப்பதால் பேராமைகள் மேய வருகின்றன. ஆண்டு முழுவதும் தெரியும், ஆனால் கடல் கடல்தான், யாரும் உறுதி தர முடியாது.

ஒருமுறை ஓர் ஆமைக்கு மேலே கைகாலை அசைக்காமல் மிதந்துகொண்டிருந்தேன். புல்லை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கடித்து இழுத்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் சிறு மணல்புகை எழுந்தது. முதுகில் ஒட்டுமீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேய்ந்து முடித்ததும் முன்துடுப்பை ஒரே ஒரு தரம் அசைத்து மேலே வந்தது. தலையை நீட்டி 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு மீண்டும் புல்லுக்கே போய்விட்டது. பிறகு வேறொரு கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது. ஆமை மூச்சுக்கு மேலே வர மூன்று முறை முயன்று, மூன்று முறையும் ஆட்களைக் கண்டு திரும்பியது. அதைப் பார்த்த பிறகு நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: ஆமைக்கு நேர்மேலே போகாதீர்கள். குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் இருங்கள். மேலே வரும் வழி அதற்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): அம்மாவுக்கு 67 வயது. நீச்சல் தெரியாது, மூக்குக்கண்ணாடி இல்லாமல் கண்ணும் தெரியாது. அழைத்து வரலாமா அக்கா?

தாராளமாக அழைத்து வாருங்கள். விரிகுடாவில் எல்லோருக்குமே லைஃப் ஜாக்கெட் உண்டு. பயப்பட வைப்பது நீர் அல்ல, வாயில் கவ்விக்கொள்ளும் ஸ்நார்கெல் குழாய்தான். முதல் நாளே விடுதிக் குளத்தில், இடுப்பளவு நீரில் நின்றபடி முகத்தை மட்டும் தாழ்த்தி வாயால் மூச்சுவிடப் பழக்குங்கள். பத்து நிமிடம் போதும். பார்வை எண்ணுக்கேற்ற கண்ணாடி பொருத்திய ஸ்நார்கெல் முகக்கவசம் கடையில் கிடைக்கும், புறப்படுமுன் வாங்கிவிடுங்கள். ஆமையை மங்கலாகப் பார்க்க அவ்வளவு தூரம் வர வேண்டாம். செனோட்டேயில் படிகள் வழுக்கும், கைப்பிடியை விடவேண்டாம். இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் நீரில் இறங்க வேண்டும்.

கேள்வி (டாலஸ்): சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் இங்கே சாதாரணம். 'சின் கார்னே, சின் மன்டேகா' என்றால் இறைச்சி வேண்டாம், கொழுப்பு வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பாப்பாட்சூலெஸ் கேளுங்கள். பூசணி விதைச் சாந்தில் தோய்த்த சோள ரொட்டிக்குள் அவித்த முட்டை இருக்கும். சாயா என்ற கீரையும் நன்றாக இருக்கும். அபனேரோ மிளகாயை மட்டும் நம் காரம்தானே என்று கடித்துவிடாதீர்கள்.

கேள்வி (சிகாகோ): எந்த மாதம் வரலாம்? விசா வேண்டுமா?

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. இடையில் 'நோர்தே' என்ற வடகாற்று வந்தால் இரண்டு மூன்று நாள் கடல் கொந்தளிக்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சர்காசம் பாசி கரையில் குவியலாம். செப்டம்பர், அக்டோபர் சூறாவளியின் உச்சம். இந்தியக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றுலாவுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவைப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று உள்நாட்டவர்க்குக் கோட்டை இலவசம், கூட்டம் அலைமோதும். பெசோவில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாசலில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டணங்களைத் தனித்தனியாக வாங்குகிறார்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): மகளுக்கு ஒன்பது வயது. நன்றாக நீந்துவாள், ஆனால் இருட்டு என்றால் பயம். செனோட்டேயை விட்டுவிடலாமா?

விடவேண்டாம். கூரை முழுவதும் திறந்த செனோட்டேகள் இருக்கின்றன. சுற்றிலும் மரம், நடுவில் வெயில் விழும் நீலக் குளம், அடியில் சின்னச் சின்ன மீன்கள். அங்கே தொடங்குங்கள். பிடித்துப்போனால் பாதி மூடிய குகைக்கு வழிகாட்டியோடு போகலாம். மூழ்காளர்களுக்கான எச்சரிக்கைப் பலகைகளில் எலும்புருவம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதைக் கண்டு அவள் மிரளாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'இதற்கு அப்பால் போகாதே' என்பதுதான் அதன் செய்தி, அது பெரியவர்களுக்கும் சேர்த்து.

குகைக்குள் நுழைந்ததும் கைவிளக்கை அவளிடமே கொடுத்துக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாறைக்குள் சங்கும் பவளமும் பதிந்திருக்கும். இந்த நிலமே ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்தது. காலையில் பார்த்த கோட்டையும் இதே கல்தான். எத்தனை சங்கு என்று அவளை எண்ணச் சொல்லுங்கள். தொடாமல், விரலால் காட்டி மட்டும்.