கொல்லைக்கு வரும் காட்டு வாத்துகள்: கேள்வி பதில்

மேடவாக்கத்தில் என் கொல்லை வேலிக்கு அப்பால் இரண்டு கிரவுண்டு காலி மனை கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாகக் கொட்டினால் அது குளமாகிவிடும். கோரையும் சம்பும் முளைத்து, பங்குனி வரைக்கும் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து சில நிமிடங்களில் பறந்து வந்துவிடக்கூடிய தொலைவு என்பதால், மழைக்காலந்தோறும் காட்டு வாத்துகள் இங்கே இறங்குகின்றன. பத்தாண்டுகளுக்கு மேலாக அவற்றோடு பழகியவன் என்பதால், அக்கம்பக்கத்தார் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பெரும்பாக்கம்): ஐயா, எங்கள் குடியிருப்பின் பின்புறம் காலை ஆறு மணிக்கு இரண்டு வாத்துகள் வருகின்றன. வீட்டு வாத்துகள் வழிதவறி வந்தனவா, காட்டு வாத்துகளா என்று எப்படி அறிவது?

பதில்: அலகைப் பாருங்கள். கறுத்த அலகின் நுனியில் மஞ்சளைத் தொட்டு வைத்ததுபோல் இருந்து, அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் இருபுறமும் சிவப்புப் பொட்டும் தெரிந்தால் அது புள்ளிமூக்கு வாத்து. ஆண்டு முழுவதும் நம் ஊர் ஏரிகளிலேயே வாழ்வது. இணையாக வருவது அதன் வழக்கம். உருவில் சிறியதாய், செம்பழுப்பு நிறத்தில், கழுத்து நீண்டு, பறக்கும்போது சீழ்க்கையடித்தால் அது சீழ்க்கைச் சிறகி. பகலில் கூட்டமாக ஓய்ந்திருந்து, இருட்டத் தொடங்கும்போது இரை தேடக் கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை பெரிய நீர்ப்பரப்பை விட்டு வீட்டுப் பக்கம் ஒதுங்குவது அபூர்வம். ஆகவே உங்கள் விருந்தாளிகள் பெரும்பாலும் புள்ளிமூக்கு வாத்துகளாகவே இருக்கும்.

கேள்வி (செம்பாக்கம்): வாத்துக்கு பிரெட் போடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் பிரெட் போடுவதில்லை, பொரிதான் போடுகிறோம். அதில் தவறில்லையே?

பதில்: கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை நம்முடையது, அதனால் இந்தக் கேள்வி எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பூங்காக்களில் பிரெட் செய்யும் கெடுதலை நம் ஊரில் பொரி செய்கிறது. பொரிக்கும் முன் அரிசியில் உப்புத் தண்ணீர் கலக்கிறார்கள் என்பது ஒன்று. அது வயிற்றை அடைக்குமே தவிர உடம்புக்குச் சத்துத் தராது என்பது இன்னொன்று. வயிறு நிறைந்த வாத்து நத்தை, புழு, நீர்ப்பூச்சி, புல்விதை என்று அலைந்து தேடித் தின்னும் வேலையை விட்டுவிடும். வளரும் பருவத்துக் குஞ்சுகள் இப்படி மாவுச்சத்தையே தின்று கொழுத்தால், இறக்கையின் கடைசி மூட்டு வெளிப்பக்கமாகத் திரும்பி, இறகுகள் உடம்போடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும் குறை வரக்கூடும். முதிர்ந்த பின் அதைச் சரிசெய்ய முடியாது. பறக்க முடியாத காட்டு வாத்து நெடுநாள் உயிரோடு இருப்பதில்லை. மிஞ்சிய பொரி தண்ணீரில் ஊறிப் புளித்து நாறுவதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். மிக்சர், முறுக்கு, பிஸ்கட் ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் எதைப் போடலாம்? எவ்வளவு போடலாம்?

பதில்: நெல்லை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். மிதக்கும் பதரை நீக்கிவிட்டு, மூழ்கிய மணிகளை மட்டும் எடுத்து, நான்கு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பிய அகலமான தட்டில் இடுங்கள். உலர்ந்த தானியத்தைத் தரையில் இறைத்தால் புறாவும் மைனாவும் வாத்துக்கு முன்பே முடித்துவிடும். தண்ணீருக்கடியில் கிடக்கும் நெல்லை அலகால் அலசி எடுப்பதோ வாத்துக்குக் கைவந்த கலை. தட்டின் விளிம்போரம் தலையைச் சாய்த்து, அலகை வேகவேகமாகத் திறந்து மூடித் தண்ணீரை வடிகட்டும்போது எழும் 'சளசள' ஓசையை ஒரு முறை கேட்டால் போதும், ஊறவைக்கும் சிரமம் மறந்துபோகும். கம்பு, உடைத்த சோளம், முளைகட்டிய பாசிப்பயறு ஆகியவற்றையும் மாற்றி மாற்றித் தரலாம். ஒன்றையே நாள்தோறும் தர வேண்டாம்.

என்னைக் கேட்டால், தானியத்தைவிட அசோலா மேலானது. மாட்டுக்கும் கோழிக்கும் நம் விவசாயிகள் வளர்க்கும் அதே மிதக்கும் பெரணிதான், புரதம் மிகுந்தது. நிழலில் ஒரு சாணுக்கும் குறைவான ஆழமுள்ள தொட்டியில் மண்ணும் கொஞ்சம் சாணக்கரைசலும் இட்டு விதைத்தால் ஓரிரு வாரத்தில் பரவிவிடும். இரண்டு கை அள்ளி நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, இரண்டு வாத்துகளுக்கு ஒரு கைப்பிடி தானியம் போதும். கால் மணி நேரத்துக்குப் பிறகும் தட்டில் மீதமிருந்தால், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். நாம் தருவது கொறிக்கத்தான். அவற்றின் சாப்பாடு குளத்தில் இருக்கிறது.

கேள்வி (நன்மங்கலம்): மாட்டுக்கு வாங்கிய கடலைப் புண்ணாக்கு லேசாகப் பூசணம் பிடித்துவிட்டது. மாட்டுக்கு வைக்க மனமில்லை. வாத்துக்குப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தேடியபோது தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்லடாக்சின் என்ற பெயர் அதன் பிறகுதான் வந்தது. அந்த நஞ்சுக்கு மிக எளிதாக ஆட்படும் பறவைகளில் வாத்துக்குஞ்சு முதல் வரிசையில் இருப்பதால், அக்காலத்தில் தீவனத்தைச் சோதிக்கவே வாத்துக்குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். நம் ஊர் மார்கழி ஈரத்தில் சாக்குமூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, கட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இருந்தால் மூட்டையோடு அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி (சித்தாலப்பாக்கம்): மூன்று வாரமாகத் தவறாமல் நெல் வைக்கிறேன், சார். ஆனால் நான் பின்கதவைத் திறந்தாலே பறந்துவிடுகின்றன. என் மீது நம்பிக்கை வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூன்று வாரம் என்பது அவற்றின் கணக்கில் ஒன்றுமில்லை. நீங்கள் நெல் வைப்பது வாத்துக்குப் பெரிய விஷயமல்ல. நீங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அதற்குப் பெரிய விஷயம். எனவே ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், அதே வழியில், அதே நடையில் போங்கள். நான் மழைக்காலம் முழுவதும் மங்கிப்போன ஒரே பச்சை லுங்கியைத்தான் உடுத்திப் போவேன்; வீட்டில் அதற்கு 'வாத்து லுங்கி' என்றே பெயராகிவிட்டது. தட்டை வைப்பதற்கு முன் அதன் விளிம்பில் கரண்டியால் இரண்டு முறை தட்டுவேன். சில வாரங்களில் அந்த ஓசையைக் கேட்டதும் கோரைக்குள்ளிருந்து தலைகள் எழும்பும்.

முதல் பத்து நாள் தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். பிறகு இருபது அடி தள்ளி ஒரு முக்காலியைப் போட்டு, குனிந்தாற்போல் உட்காருங்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதரைவிட உட்கார்ந்திருப்பவர் பறவைக்குச் சிறியவராகத் தெரிகிறார். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருங்கள். இரு கண்ணாலும் ஒன்றையே குறிவைத்துப் பார்ப்பது வேட்டையாடும் உயிரின் பார்வை. மிக முக்கியமாக, வாத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். தப்பிக்கும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அது தலையைத் தாழ்த்தி இரை எடுக்கும். நாலைந்து நாளுக்கு ஒரு முறை முக்காலியை ஒரு முழம் முன்னால் நகர்த்தலாம். கழுத்தை விறைப்பாக உயர்த்தி அசையாமல் நின்றால் அது உங்களை எடைபோடுகிறது என்று பொருள். தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் பறக்க ஆயத்தமாகிறது. அந்த நிலை வந்தால் மறுநாள் முக்காலியை பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள்.

சேர்த்த நம்பிக்கை எவ்வளவு விரைவில் போகும் என்பதற்கு என் கதையே சான்று. மிக்ஜாம் புயல் வந்த 2023-ஆம் ஆண்டு, டிசம்பர் கடைசியில், ஓர் இணை என்னிடமிருந்து எட்டடி வரை வந்து தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் காலை தூறல் விழவே, யோசிக்காமல் பொத்தானை அழுத்திக் குடையை விரித்துவிட்டேன். அந்தப் 'படார்' ஓசைக்கும் திடீரென்று விரிந்த கறுப்புக்கும் அவை எழும்பிப் போனவை, பதினொரு நாள் கழித்தே திரும்பின. திரும்பிய பிறகும் இருபது அடிக்குள் வரவில்லை. இப்போது தூறினால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (பள்ளிக்கரணை): என் மகன் கையில் வைத்து ஊட்ட ஆசைப்படுகிறான். எவ்வளவு நாளில் அது முடியும், அண்ணா?

பதில்: முடியலாம், ஆனால் முயல வேண்டாம் அம்மா. நீங்கள் இருக்கும்போதே அது தின்றுவிட்டு, இறகைக் கோதிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடுமானால் அதுவே காட்டு வாத்து காட்டக்கூடிய முழு நம்பிக்கை. அதற்கு மேல் பழக்கினால், மனிதர் எல்லோரும் உங்கள் மகனைப் போன்றவர்களே என்று அது நினைத்துவிடும். வலையோடும் கவணோடும் வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைப் பிடிப்பதும், அடைத்து வளர்ப்பதும், முட்டையை எடுப்பதும் குற்றம் என்பதையும் பையனிடம் சொல்லிவையுங்கள். பறவைக் காய்ச்சலை நினைத்தும் தொடாமல் இருப்பதே நல்லது. தட்டைக் கழுவிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தை வற்புறுத்துங்கள். அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வந்த நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். சிறுவர்கள் இதில் நம்மைவிடப் பொறுமைசாலிகள்.

கேள்வி (வேளச்சேரி): குளிக்கத் தொட்டி வைக்கலாமா? மாநகராட்சிக்காரர்கள் கொசு என்று அபராதம் போடுவார்களே?

பதில்: வைக்கலாம். தலையை முழுதும் அமிழ்த்திக் கண்ணையும் மூக்கையும் கழுவும் அளவு ஆழம் வேண்டும். ஏறி இறங்க ஒரு செங்கல்லைப் போடுங்கள். டெங்குக் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். நீங்கள் நாள்தோறும் மாலையில் தண்ணீரைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுங்கள், குலை நன்றாகத் தள்ளும்.

கேள்வி (மடிப்பாக்கம்): நான் வாத்துக்கு உணவு வைப்பதால் பெருச்சாளி பெருகுகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. இரவில் மிஞ்சும் தானியத்துக்குப் பெருச்சாளி வரும், அதைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும், யாராவது எலி மருந்து வைப்பார்கள், கடைசியில் அதை வாத்தும் தின்னக்கூடும். காலையில் மட்டும் வைத்து, தட்டை எடுத்து, சிந்தியதைப் பெருக்கிவிடுங்கள். தானிய டப்பா இரும்பில் இருக்கட்டும். தெருநாய் நுழையும் இடுக்கையும் அடைத்துவிடுங்கள். நம் பகுதியில் வாத்துக்கு நாய்தான் முதல் எதிரி.

கேள்வி (ஜல்லடியன்பேட்டை): வேலியோரப் புல்லுக்குள் ஒன்பது முட்டைகள் இருக்கின்றன. தாயைக் காணோம். கோழியிடம் அடைவைக்கலாமா?

பதில்: தொடாதீர்கள். வாத்து நாளொன்றுக்கு ஒரு முட்டையாக இட்டு, எல்லாம் இட்டு முடித்த பிறகே அடைகாக்க உட்காரும்; ஆகவே தாயில்லாத கூடு கைவிடப்பட்ட கூடு அல்ல. உட்கார்ந்த பிறகும் இரை தேடப் போகும்போது தன் மெல்லிறகால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அடைகாக்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 24 நாளில் எல்லாம் சேர்ந்தாற்போல் பொரியும், ஒரு நாளுக்குள் தாய் குஞ்சுகளை நடத்தித் தண்ணீருக்குக் கூட்டிப்போகும். அதுவரை அந்தப் பக்கம் புல் வெட்ட வேண்டாம். நீங்கள் நடந்து உண்டாக்கும் ஒற்றையடிப் பாதையே நாய்க்கும் கீரிக்கும் வழிகாட்டிவிடும். குஞ்சுகள் சாலையைக் கடக்க நேர்ந்தால் வண்டிகளை நிறுத்துங்கள், குஞ்சுகளைப் பிடித்துக் கூடையில் போடாதீர்கள். அடிபட்ட பறவை கண்ணில் பட்டால், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி (கோவிலம்பாக்கம்): நாலு வீட்டு வாத்து வாங்கி விட்டால் காட்டு வாத்துகள் தாமாக வருமா?

பதில்: வரக்கூடும். நோயும் சேர்ந்து வரும், இரு பக்கத்துக்கும். வேண்டாம்.

கேள்வி (பெரும்பாக்கம், முதலில் கேட்டவர்): போன ஆண்டு பங்குனியோடு எங்கள் இணை வருவதை நிறுத்திவிட்டது. நான் ஏதேனும் தவறு செய்தேனா, ஐயா?

பதில்: பின்புறத்துத் தண்ணீர் எப்போது வற்றியது என்று நினைத்துப் பாருங்கள். சேறு வெடிக்கத் தொடங்கினால், தட்டில் எவ்வளவு நெல் இருந்தாலும் அவை ஏரியைத் தேடிப் போய்விடும். இறகுதிர்க்கும் பருவத்தில் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்து, மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாமல் போகும்; அந்த நாள்களுக்கு ஆழமான நீரும் அடர்ந்த கோரையும் வேண்டும், அதை உங்கள் கொல்லையோ என் கொல்லையோ தர முடியாது. சித்திரையிலும் கத்திரி வெயிலிலும் நீங்கள் வீணாக நெல் ஊறவைக்க வேண்டாம். மைனாவுக்கும் அணிலுக்கும் ஒரு சட்டித் தண்ணீர் மட்டும் வையுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழைக்குப் பின் தவளைச் சத்தம் கேட்டதும் அந்தத் தட்டைத் தேடி எடுங்கள். கரண்டியும் பழைய கரண்டியாகவே இருக்கட்டும்.