மலை ஏரியின் அடிமண்: வாசகர் கேள்விகள்

ஊட்டி ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தேன். காலையிலும் கலங்கலாகவே இருக்கிறது. ஏன்?

ஒரு ராத்திரி போதாது. நீரில் துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி, துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் கால்வாசியாகிவிடும். 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். 0.01 மி.மீ. வண்டலுக்கு 3 மணி நேரம், 0.001 மி.மீ. களிக்குப் பன்னிரண்டு நாள். இதெல்லாம் 20 டிகிரி நீருக்கான கணக்கு. மலை ஏரியின் குளிரில் இன்னும் தாமதமாகும். தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலந்து பாருங்கள். களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துச் சீக்கிரம் அடங்கும்.

கனடாவின் பேய்டோ ஏரி ஏன் அப்படி நீலப்பச்சையாக இருக்கிறது?

பனியாறு அரைத்த பாறைமாவு அடியில் தங்காமல் நீரிலேயே மிதக்கிறது. அதில் பட்டு நீலப்பச்சை வெளிச்சம் அதிகமாகச் சிதறுகிறது.

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒன்றரை அடி தோண்டினேன். வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் மண் படியும் என்று வகுத்தால் 900 வருடம் வருகிறது. சரியா?

இல்லை. அந்த ஏரியை 1863-ல் பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கினார். அதற்கு முன் அங்கே இருந்தது சதுப்பு. இதைக்கூடப் பார்க்காமல் வகுத்தல் கணக்குப் போட்டால் எப்படி? அந்த அரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்றும் நீங்கள் எழுதவில்லை. கரை மண்ணில் அலை, ஆள், மாடு எல்லாம் புகுந்து கிளறியிருக்கும். அதில் வயது பார்க்க முடியாது. அப்புறம், மேல்சேற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். கீழே போகப்போக அமுங்கிவிடும். ஆகவே எல்லா அங்குலமும் ஒரே அளவு காலத்தைக் காட்டாது. நடு ஏரியில் குழாய் இறக்கி மாதிரி எடுத்து, படிவின் வயதைக் காட்டும் கதிரியக்க ஈயம்-210 எவ்வளவு என்று பாருங்கள். அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 22 வருடம் என்பதால் கடந்த நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு அது போதும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சத்துக்குப் போன இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137-ஐ வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மாதிரி எடுத்த இடம், நீரின் ஆழம் இரண்டையும் குறிக்க மறக்காதீர்கள்.

ஆறு கொண்டுவரும் மண் எல்லாம் முகத்துவாரத்திலேயே நின்றுவிடுமா?

பருமணல் நின்றுவிடும். மற்றது ஆற்றுநீரின் அடர்த்தியைப் பொறுத்தது. ஜெனீவா ஏரியில் ரோன் ஆற்றின் குளிர்ந்த கலங்கல் நீர் ஏரிநீரைவிடக் கனமாக இருப்பதால், உள்ளே நுழைந்ததும் அமிழ்ந்து ஏரியின் அடியோடு ஓடுகிறது. ஏரித்தரையில் அது பள்ளத்தாக்குப்போல் வழியே வெட்டி வைத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்விஸ் விஞ்ஞானி ஃபோரெல் இதை விளக்கிவிட்டார்.

ஏரிகளைத் தூர் வாரினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, நானும் அலுக்காமல் அதே பதிலைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சலிவன் 1820-களில் உண்டாக்கிய ஊட்டி ஏரி முதலில் இன்னும் பெரியது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸ் இருந்த மைதானமும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடங்கள். இப்போதும் கோடப்பமந்து கால்வாய் வழியாகச் சாக்கடையும் மண்ணும் உள்ளே வருகின்றன. சரிவின் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்துக் கேரட் போடுகிறார்கள், வீடு கட்ட மலையை வெட்டி மண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு பலத்த மழை வந்தால் போதும், அத்தனையும் ஏரிக்கு வந்து சேரும். மழைநீர் ஏரிக்கு வடியும் நீர்ப்பிடிப்பு நிலத்தை விட்டுவிட்டு ஏரியை மட்டும் வாரினால் சில வருடத்தில் மறுபடியும் வார வேண்டியதுதான்.

வாரும் விதமாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிக்கிறார்கள், அடுத்த மழையில் பாதி திரும்ப உள்ளே போகிறது. அடிச்சேற்றைக் கலக்கும்போது அதில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் மேலே வந்து பாசிக்குத் தீனியாகிறது. நடு ஏரியை வாரினால் பல வருடப் படிவு வரலாறும் லாரியில் ஏறிப் போய்விடும். கால்வாய் ஏரியில் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டி, மழைக்கு முன்னும் பின்னும் அதை மட்டும் காலி செய்யுங்கள். கனமான மண் முதலில் அங்கேதான் விழும். சாக்கடையைத் தனியே திருப்புங்கள், சரிவில் குறுக்கு வரப்பு போடுங்கள். வாருவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

சில ஏரிகளில் மண் வரிவரியாகப் படிவது எதனால்?

பனியாற்று ஏரியில் கோடையில் பனி உருகி வண்டல் வந்து படியும். குளிர்காலத்தில் மேலே உறைந்து நீர் அசையாமல் நிற்கும்போது களி அடங்கும். ஒரு வெளிர் வரி, ஒரு கரும் வரி சேர்ந்தால் ஒரு வருடம். புழுக்கள் கிளறாத அடித்தரையில் மட்டுமே அது கலையாமல் நிற்கும்.

மாதிரிச் சேற்றை வெயிலில் காயவைத்து அனுப்பலாமா?

கூடாது. குழாயோடு இரண்டு பக்கமும் மூடி, நிமிர்த்தியபடியே கொண்டுவாருங்கள். எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குழாயின் மேலேயே எழுதுங்கள்.