5 வயசுப் பையன் எதுக்கும் ஒத்தை வார்த்தையிலயே பதில் சொல்றான், செடி வளர்த்தா பேச்சு வளருமா?

வளரும், எங்க வீட்லயே பார்த்தேன். ஆனா செடிய வாங்கி வச்சா மட்டும் போதாது, கூட உக்காந்து நாம பேசணும்.

நாங்க வேளச்சேரில மூணாவது மாடி, பால்கனில ரெண்டு க்ரோ பேக் (செடி வளர்க்கிற பை) வைக்கத்தான் இடம். பொண்ணுக்கு அப்போ 5 வயசு, என்ன கேட்டாலும் "ம்", "தெரியல". முதல்ல வெந்தயம், அஞ்சறைப்பெட்டில இருந்து எடுத்து ராத்திரி ஊற வச்சு தூவினா ரெண்டு மூணு நாள்ல முளைச்சிடும், சின்னப் பசங்களுக்கு அதுக்கு மேல பொறுமை இருக்காது. அப்புறம் வெண்டை.

ஆரம்பத்துல நான் "இது என்ன? என்ன கலர்?"னு பரீட்சை மாதிரி கேட்டேன், அவ இன்னும் வாயை மூடிக்கிட்டா. அப்புறம் "நேத்துக்கு இன்னிக்கு என்ன மாறியிருக்கு?"ன்னு மட்டும் கேட்டுட்டு காத்திருந்தேன், இதுக்கு ஒத்தை வார்த்தைல சொல்ல முடியாதுல்ல, "நேத்து குட்டியா இருந்துச்சு, இப்போ என் விரல விட பெருசு"ன்னு தானா வர ஆரம்பிச்சுது. ஒருநாள் இலைல மாவுப்பூச்சி வெள்ளையா ஒட்டியிருந்தத பார்த்துட்டு "அம்மா, செடிக்கு பொடுகு"ன்னா. தப்புன்னு சொல்லாம, "ஆமா பொடுகு மாதிரியே இருக்கு, அது மாவுப்பூச்சி, வா தண்ணி அடிச்சு கழுவலாம்"னேன். இப்படி அவங்க சொன்னதையே கொஞ்சம் நீட்டி திருப்பிச் சொல்றது ரொம்ப முக்கியங்க.

நம்ம மொழில ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பேர் இருக்கு, நாமதான் லீஃப், ஃப்ளவர்னு முடிச்சிடறோம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. அரும்பு, மொட்டு, பூ, பிஞ்சு, காய். அந்தந்த நாள்ல தொட்டுப் பார்த்து சொன்னா மறக்கவே மாட்டாங்க. திண்டிவனத்துல இருந்து எங்கம்மா வந்தப்போ தென்னைக்கு ஓலை, கரும்புக்கு தோகை, தாழைக்கு மடல்னு சொல்லிக்கொடுக்க, அன்னிக்கு ரோட்ல பார்த்த மரத்துக்கெல்லாம் "ஆயா, இதோட இலைக்கு என்ன பேரு?"ன்னு ஒரே கேள்வி.

அவ சொல்றத தேதி போட்டு அவ வார்த்தையிலயே நோட்ல எழுதி படிச்சுக் காட்டுவேன். வெண்டைப்பூ காலைல விரிஞ்சு சாயங்காலமே சுருங்கிடும், அன்னிக்கு அழுதுட்டே எழுதச் சொன்னா, "பூ செத்துப்போச்சு". ரெண்டு நாள் கழிச்சு அவளே அதை அடிக்கச் சொல்லி, "பூ சாகல, உள்ள வெண்டைக்கா இருந்துச்சு, அதுக்கு வழி விட்டுச்சு"ன்னு மாத்தினா.

பையனுக்கு நாம சொல்றது சரியா புரியலன்னு தோணினாலோ, எங்கயுமே யார்கிட்டயும் வாக்கியமா பேச வரலன்னாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க, செடி அதுக்கு மருந்து இல்ல. மத்தபடி இன்னிக்கு ராத்திரியே ஊற வைங்க, சித்திரை வெயில்னா வெந்தயம் வாடிடும், நேரா வெண்டையே போட்டுடுங்க.