லீயின் விலாசம்

அன்புள்ள ஆச்சிக்கு,

எனக்கு தேவகோட்டை. சென்னையில் வேலை பார்க்கிறேன். டெக்கன் என்ற சண்டை வீடியோ கேமில் ஏழாம், எட்டாம் பாகங்கள்தான் விளையாடியிருக்கிறேன். எனக்குப் பிடித்த ஆள் லீ சாவ்லான். அவனுடைய முன்கதையைத் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெருவில் கிடந்த பையனை மிஷிமா வீட்டுத் தலைவன் ஹெய்ஹாச்சி இரக்கப்பட்டுத் தத்தெடுத்தான், அவன் நன்றி கெட்டுப்போய்ச் சொத்துக்கு ஆசைப்பட்டான் என்கிறார் ஒருவர். அவனுக்கும் மிஷிமா ரத்தம் உண்டு, வெள்ளி முடியே அதற்குச் சாட்சி என்கிறார் இன்னொருவர். ஹெய்ஹாச்சி தன் மகனை மலையுச்சியிலிருந்து தள்ளிய கதையை ஏழாம் பாகத்தில் மாற்றிவிட்டதால் லீயின் பழைய கதை இனிச் செல்லாது என்பவரும் உண்டு. எது சரி? முதலிலிருந்து தெரிந்துகொள்ள எந்தப் பாகத்தை விளையாட வேண்டும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அப்பச்சி, அதாவது அப்பா, எங்கள் வீட்டுக்குப் பிள்ளையாகக் கூட்டி வரப்பட்டவர், தத்து வந்தவர். போன மாதம் ஊரில் ஒரு விசேஷத்தில் ஒருவர், "என்ன இருந்தாலும் கூட்டி வந்த பிள்ளைதானே" என்றார். அப்பச்சி சிரித்துக்கொண்டே பந்திக்குப் போய்விட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. லீ மாதிரி, வந்தவன் கடைசிவரை வெளியாள்தானா?

(பெயர் வேண்டாம்)

தம்பிக்கு,

டெக்கனில் யாருக்கெல்லாம் மிஷிமா என்ற பெயர் கிடைத்திருக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் நேராக அங்கேயே வந்து நிற்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். "இரக்கப்பட்டு" என்ற சொல்லை யாரோ சொன்னார்கள் என்று அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாயே, அந்தத் தொடரில் ஹெய்ஹாச்சி யார்மேலாவது இரக்கப்பட்டதை நீ பார்த்தாயா? 1994இல் காசு போட்டு விளையாடும் ஆர்கேடில் வந்த முதல் டெக்கனிலிருந்தே காரணம் வெளிப்படையாக இருக்கிறது. ஹெய்ஹாச்சி தன் சொந்த மகன் கசுயாவை 5 வயதில் மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். பிழைத்து ஏறி வந்தவனுக்குப் போட்டியாக நிறுத்துவதற்காகச் சீனத்திலிருந்து ஓர் அநாதைப் பையனைக் கொண்டுவருகிறான். லீ வீட்டுக்குள் வந்த காரணம் அவ்வளவுதான். கத்தி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அதைத் தீட்ட ஒரு சாணைக்கல் வேண்டும். சாணைக்கல்லைப் பார்த்து நன்றியில்லாதவன் என்று சொல்வது என்ன நியாயம்?

வெள்ளி முடியை விடு. லீக்கு மிஷிமா ரத்தமும் இல்லை, அந்த வீட்டில் சிலரைப் பிசாசாக மாற்றும் பிசாசு மரபணுவும் இல்லை.

ஏழாம் பாகத்துக்கு வருகிறேன். பழைய கதையில், மகனை வலுவாக்கத்தான் தள்ளினான் என்று இருந்தது. ஏழில் வேறு காரணம் வருகிறது. கசுயாவின் தாய் கசுமி ஹச்சிஜோ வம்சம், பிசாசு ரத்தம் அவள் வழியாக வந்தது. தன்னைக் கொல்ல வந்த அவளை ஹெய்ஹாச்சி கொன்றான், மகனுக்கும் அந்த ரத்தம் உண்டா என்று பார்க்கத்தான் மலையிலிருந்து போட்டான். இதை நமக்குச் சொல்வது யார் என்பதை மறந்துவிடாதே. ஹெய்ஹாச்சியே, மிஷிமாக்களைப் பற்றி விசாரித்து எழுதும் ஒரு பத்திரிகையாளனை வரவழைத்துத் தன் வாயால் சொல்கிறான். குற்றவாளி தரும் வாக்குமூலம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அவனுக்குச் சாதகமான இடங்களை இரண்டு தரம் படிக்க வேண்டும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் லீயின் கதை செல்லாமல் போகவில்லை, இன்னும் கனமாகிறது. பழைய கதையில் ஒரு முரட்டுப் பையனுக்கு எதிரே நிறுத்தப்பட்டவன், புதிய கதையில் பிசாசு குடியிருக்கக்கூடும் என்று தெரிந்த ஒருவனுக்கு எதிரே நிறுத்தப்பட்டவன் ஆகிறான். அதுவும் வெறும் மனித உடம்போடு. இது என் வாசிப்பு, கேமில் யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விதமாகப் படிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது பெயர் விஷயம்.

நம் பக்கத்தில் பிள்ளை கூட்டுவது என்றால் என்ன நடக்கிறது? வாரிசு இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டுகிறார்கள். கல்யாணமானவரைக்கூடக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் நகரத்தாரிடம் உண்டு. அவருடைய புள்ளி, அதாவது ஒரு குடும்பமாக எண்ணப்படும் கணக்கு, பெற்ற வீட்டுக் கணக்கிலிருந்து போய் வந்த வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. முக்கியமாக விலாசம் மாறுகிறது. பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று தலைமுறையைச் சுமந்து நிற்கும் எழுத்துகள் அத்தனையும் வந்த வீட்டு எழுத்துகள் ஆகின்றன. பித்தளை அண்டாவிலும் வெள்ளிச் செம்பிலும் பெயர் வெட்டக் கொடுக்கும்போது அந்த எழுத்துகளைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். உன் பெயரை விலாசத்தோடு ஒரு தாளில் எழுதிப் பார். அந்த எழுத்துகள் உன் அப்பச்சி வழியாக உனக்கு வந்தவை. விசேஷத்தில் பேசிய அந்த மனிதருக்கு வழக்கமும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 12ஆம் பிரிவில், தத்தெடுத்த நாள் முதல் அவர் எல்லாக் காரியத்துக்கும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்கிறது. முறையாக நடந்த தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது என்கிறது 15ஆம் பிரிவு. "கூட்டி வந்த பிள்ளைதானே" என்ற வாக்கியத்தில் "தானே"வுக்கு இடமே இல்லை.

அதே சட்டத்தின் 11ஆம் பிரிவையும் பார். உயிரோடு ஒரு மகன் இருக்கும்போது இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. நம் சட்டம் ஜப்பானியக் கதைக்குள் செல்லாது, தெரியும். ஆனால் அந்த விதி ஏன் இருக்கிறது என்று யோசி. வாரிசு இல்லாத இடத்தை நிரப்பத்தான் தத்து, இருக்கிற வாரிசை மிரட்டுவதற்கு இல்லை. ஹெய்ஹாச்சி செய்தது இரண்டாவது. மகன் வீட்டில் இருக்கிறான். அவனுக்கு எதிரே வேறொருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தினான், வீட்டில் இடம் கொடுத்தான், சண்டை சொல்லிக் கொடுத்தான். பெயரை மட்டும் கொடுக்கவில்லை. முழுப் பெயர்களைப் பார். கசுயா மிஷிமா. ஹெய்ஹாச்சி மிஷிமா. ஐந்தாம் பாகத்தில் தாத்தா ஜின்பாச்சி மிஷிமா. லீ மட்டும் அன்றும் இன்றும் லீ சாவ்லான். விலாசம் மாற்றாமல் கூட்டி வந்த பிள்ளை அவன். அப்படி ஒரு கூட்டல் நம் ஊரில் செல்லுமா, சொல்?

அதனால்தான் நீ அப்பச்சியையும் லீயையும் ஒரே தட்டில் வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டும் எதிரெதிர்க் கதைகள். உன் அப்பச்சிக்கு வீடு தன் விலாசத்தைக் கொடுத்தது. லீக்குக் கொடுக்கவில்லை, ஆகவே அவன் தானே ஒன்றை எழுதிக்கொண்டான்.

எப்படி எழுதினான் என்று பார். முதல் போட்டியில் கசுயா ஜெயித்து அப்பனை அதே மலையிலிருந்து போடுகிறான். இரண்டாம் பாகத்தில் லீ அந்தக் கசுயாவுக்குச் செயலாளர். யாருக்கு எதிரியாக வளர்த்தார்களோ அவனுக்குக் கீழேயே வேலை. ஹெய்ஹாச்சி திரும்பி வந்து கசுயாவை எரிமலையில் போட்டதும் லீயைத் துரத்திவிடுகிறான். மூன்றாம் பாகத்தில் லீ இல்லவே இல்லை. கதையில் அங்கே 19 வருடம் ஓடிவிடுகிறது. 2001இல் நான்காம் பாகம் வரும்போது அவன் பஹாமாஸ் தீவில் மாளிகை கட்டிக்கொண்ட பணக்காரன், ரோபோ செய்கிறவன். போட்டிக்குள் வரும்போது கண்ணாடி மாட்டி, முடிக்கு ஊதாச் சாயம் பூசி, வயலட் என்ற பெயரில் வருகிறான். தான் செய்த காம்பாட் என்ற ரோபோவைச் சோதித்துப் பார்ப்பதும் மிஷிமா குடும்பத்தின் பெருநிறுவனமான மிஷிமா ஸைபாட்சுவைப் பிடிப்பதும் நோக்கம். அவன் கம்பெனியின் பெயர் வயலட் சிஸ்டம்ஸ். மாறுவேடத்துக்கு வைத்துக்கொண்ட பெயரும் கம்பெனி வாசலில் எழுதிய பெயரும் ஒன்று. மிஷிமாக்கள் தராத விலாசத்தை அவன் இப்படித்தான் சம்பாதித்தான். இதைச் சொத்தாசை என்று சொல்கிறவர் நான்காம் பாகத்தின் வசனத்தைப் பாதியில் தாண்டி விளையாடியவர்.

அதன்பிறகு ஆறாம் பாகத்தில் ஞாபகம் போய்த் திரியும் லார்ஸுக்கு உதவி செய்வது லீ. லார்ஸ் ஹெய்ஹாச்சிக்கு வீட்டுக்கு வெளியே பிறந்த மகன், அவனுக்கும் மிஷிமா பெயர் இல்லை. ஏழில் உடைந்துபோன அலிசா என்ற ரோபோப் பெண்ணைப் பழுது பார்ப்பது லீயின் கூடம்தான். எட்டிலும் அவன் லார்ஸ் பக்கம். பெற்ற மகன் கசுயா ஊரை எரித்துக்கொண்டிருக்க, விலாசம் கிடைக்காத இரண்டு பேர் சேர்ந்து நிற்கிறார்கள். அண்ணன் தம்பி என்று அவர்களைத்தான் சொல்வேன்.

இந்த வித்தியாசத்தைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். எட்டாம் பாகத்தில் பயிற்சி அறைக்குப் போய் முதலில் கசுயாவை எடு. முன்பக்கம் ஒரு தட்டு, விடு, கீழே, கீழ்-முன் மூலை. அவன் தாழ்ந்து பாய்வான். மூலையைத் தொடும் அதே ஃப்ரேமில் வலக்கைக் குத்தை அழுத்தினால் மின்னலோடு எழும்பும். ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் 60இல் ஒரு பங்கு. ஒரு ஃப்ரேம் பிந்தினாலும் மின்னல் இல்லாத வெறும் குத்துதான் வரும், அதைத் தடுத்தவன் உன்னைத் திருப்பி அடிப்பான். இப்போது லீயை எடு. முன்பக்கம் ஒரு தட்டு, விடு. இதுவரை இரண்டு பேருக்கும் ஒரே உள்ளீடு. ஆனால் லீ தாழ்வதில்லை, நிமிர்ந்தபடியே வழுக்கி உள்ளே நுழைகிறான். மிஸ்ட் ஸ்டெப் என்பது இதுதான். புதியவர்கள் தப்பு செய்வது இரண்டு இடத்தில். விடாமல் அழுத்திப் பிடித்தால் நடந்துதான் போவான். பதறி இரண்டு தட்டுத் தட்டினால் சாதாரண ஓட்டப் பாய்ச்சல் வந்துவிடும். கட்டைவிரல் பட்டனிலிருந்து முழுதாக எழும்ப வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினால், பிளேஸ்டேஷனில் எக்ஸும் வட்டமும், ஹிட்மேன் நிலைக்குப் போவான். அந்த மின்னல் குத்து மட்டும் லீயிடம் கிடையாது. தொடக்கம் அந்த வீட்டுடையது, மீதி அவனுடையது.

கடைசியாக உன் கேள்வி. எங்கிருந்து ஆரம்பிப்பது? பிளேஸ்டேஷன் 2 இன்னும் ஓடும் வீடு இருந்தால் 2005இல் வந்த ஐந்தாம் பாகத்தின் டிஸ்க்கைத் தேடு. அதற்குள்ளேயே முதல் மூன்று பாகங்களும் இருக்கின்றன. ஆனால் அவை ஆர்கேட் பதிப்புகள். முடிவுக் காட்சிகள் பிளேஸ்டேஷனுக்கென்று செய்தவை, ஆகவே அந்த டிஸ்க்கில் முதல் பாகத்தை முடித்துவிட்டுக் கதை எங்கே என்று கேட்காதே. பழைய பிளேஸ்டேஷன் முதல் பாகமே கிடைத்தால் லீ முதலில் தேர்வுத் திரையில் இருக்க மாட்டான். கசுயாவை வைத்து ஒருமுறை முடித்தால்தான் திறப்பான்.

முடிவுக் காட்சிகளில் ஓர் எச்சரிக்கை. ஆளுக்கு ஒரு முடிவு இருந்தாலும் அடுத்த பாகத்துக்கு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒன்றைத்தான். முதல் பாகத்தில் கசுயாவுடையது, இரண்டாவதில் ஹெய்ஹாச்சியுடையது. லீ ஜெயித்ததாக வரும் முடிவுகளை நடந்த கதையாக எண்ணி மற்றவற்றோடு கோத்ததால்தான் நீ கேட்ட அந்த மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் முன்னுரை வரும் பாகங்களில் அதை மட்டும் நம்பு. முந்தைய பாகத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது அங்கேதான் இருக்கும். நான்காம் பாகத்தில் லீயின் முன்னுரையைத் தாண்டாமல் முழுக்கப் படி.

அப்பச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஆச்சி